கவாத்துக்கு ஆள் தேவை

"உள்ள போனதும் செடி, கொடி, மகரந்தம்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சுடாதே மாப்ளே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

சொல்லிக்கொண்டே அக்காள் புருஷன் அவனுடைய சட்டைக் காலரை இழுத்துவிட்டார். அந்தக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் மீசை முளைத்த வயதில் சேர்ந்து, அந்த மீசை நரைக்கும்வரை உட்கார்ந்திருப்பவர். வரவேற்பறை சோபாவில் இன்று மச்சினனுக்காக உட்கார்ந்திருந்தார்.

"நாலு வருஷம் அதைத்தானே மாமா படிச்சேன்?"

"அதான்டா எனக்குப் பயம். நாலு வருஷமா சோறு போட்டுட்டு, நீ எப்பப் பூத்துக் காய்ப்பேன்னு உங்க அக்கா அண்ணாந்து பார்த்துக்கிட்டிருக்கா. கழுத்து வலி வந்துடும் அவளுக்கு."

அவன் சிரித்து வைத்தான். தோட்டக்கலைக் கல்லூரியில் கடைசி வருடப் பரீட்சை முடிந்திருந்தது. வகுப்பே மும்முரமாக வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒருவன் வங்கித் தேர்வுக்கு, ஒருத்தி விமானப் பணிப்பெண் பயிற்சிக்கு, பூச்சியியலில் முதலாவதாக வந்தவன் செல்போன் கடைக்கு. தோட்டத்துக்கென்று தயாராகிக்கொண்டிருந்த ஒரே பைத்தியம் இவன்தான். கவாத்து செய்வதில், அதாவது மரத்தில் வேண்டாத கிளைகளைக் கழித்துவிடுவதில், இவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வகுப்பில் இவனுக்குப் பெயரே 'கத்திரி'.

"ஆள் எடுக்கற மேடம் லேசுல யாரையும் கூப்பிட மாட்டாங்க, தெரிஞ்சுக்கோ. கேன்டீன்ல நான்தான் உன்னைப் பத்தி அளந்து விட்டேன். 'எங்க பையன் கையில கத்திரி இருந்தா ஈவு இரக்கம் பார்க்க மாட்டான் மேடம், வாசல்ல பூத்துக் குலுங்கின செம்பருத்தியை ஒரே நாள்ல மொட்டையடிச்சுட்டான்'னேன். 'அப்படியா, உடனே வரச் சொல்லுங்க'ன்னுட்டாங்க."

"அந்தச் செம்பருத்தி மறுபடி தழைச்சு, முன்னைவிட நல்லாப் பூத்துதே மாமா?"

"அதைச் சொல்லாம விட்டுட்டேன். வேலை கிடைக்கற நேரத்துல உண்மை எதுக்குடா?"

உள்ளே அழைத்தார்கள்.

சுற்றிலும் கண்ணாடிச் சுவர் போட்ட அறை. மேடம் ஒருபுறம், வழுக்கைத் தலை அதிகாரி ஒருபுறம். உட்காரும்போதே அவன் பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாக வளாகத்தை அளந்தான். காய்ந்த புல்தரை, அப்பால் வரிசையாகக் கார்கள். மரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பாவம், இவர்களுக்கு எவ்வளவு அவசரமாக ஆள் தேவைப்படுகிறது என்று மனசு இளகியது.

"ஒரு பழைய கிளை," என்று மேடம் ஆரம்பித்தார். "நல்லா தடிச்சுப் போயிருக்கு. ஏதோ பேருக்குக் காய்க்குது. என்ன செய்வீங்க?"

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. படித்ததையே கேட்கிறார்களே!

"எடுத்துடுவேன் மேடம்."

"இன்னும் காய்க்குதே?"

"அது இழுக்கற சத்துக்கு, அது காய்க்கிறது கட்டுப்படியாகாது. இளங்கிளைக்கு வெளிச்சம் வராம வேற அடைச்சுக்கிட்டு நிக்கும்."

வழுக்கைத் தலை அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி தம்பி. அவ்வளவு பெரிய கிளையை வெட்டினா மரத்துக்குச் சேதாரம் வராதா?"

"எடுத்த எடுப்புல மேலேருந்து வெட்டினா வரும் சார். பாரம் தாங்காம முறிஞ்சு, மரத்துப் பட்டையையும் சேர்த்து உரிச்சுக்கிட்டு விழும். முதல்ல அடிப்பக்கம் லேசா ஒரு வெட்டு. அது பாட்டுக்கு நிக்கும், வெளியில தெரியாது. அப்புறம் மேலேருந்து ஒரு வெட்டு. பொத்துன்னு தானா விழுந்துடும்."

"வெளியில தெரியாது," என்று அதிகாரி ரசித்துச் சொல்லிப் பார்த்தார். "அப்புறம் அந்தக் காயம்?"

"வெட்டின இடத்துல பசை பூசிடணும் சார். மத்த கிளைக்கு அழுகல் பரவாது."

"நிறையப் பூசணுமா?"

"சே, சே. மேலாக ஒரு பூச்சு போதும். பெரிய செலவெல்லாம் கிடையாது."

மேடம் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "வெட்டும்போது பாவமா இருக்காதா உங்களுக்கு?"

அக்காள் போட்ட சோறு, மாமா அளந்து விட்ட புகழ் எல்லாம் சேர்ந்து அவனை நிமிர்ந்து உட்கார வைத்தன. "பாவம் புண்ணியமெல்லாம் பார்த்தா நான் கத்திரியைத் தொடவே முடியாது மேடம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திங்கட்கிழமையே வந்து சேர்ந்துடுங்க," என்றார் மேடம்.

அவன் எழுந்து கைகூப்பினான். "ரொம்ப நன்றி மேடம். தோட்டம் எந்தப் பக்கம்னு காட்டினீங்கன்னா, இப்பவே ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடுவேன்."

"தோட்டமா?" மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்களுக்கு ஏது தோட்டம்? உங்களுக்கு எச்.ஆர்.ல சீட். கம்பெனியில ஆள் குறைக்கறோம். மேனேஜ்மென்ட் படிச்சவங்களை இதே கேள்வி கேட்டா, 'கூப்பிட்டு வெச்சுப் பேசிப் பார்க்கலாம்'னு இழுக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துடுவேன்னீங்க. முதல்ல ஸ்டோர்ஸ்லேருந்து ஆரம்பிங்க, உங்களுக்குத் தெரிஞ்ச கிளைதான்."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப்புறம், சோபாவிலிருந்து பாதி எழுந்து நின்றபடி, "கிடைச்சுதா?" என்று மாமா சைகையால் கேட்டுக்கொண்டிருந்தார்.