இடுப்பளவு

"மெஷின் பொய் சொல்லும், டாக்டர் பொய் சொல்வார். பேண்ட் மட்டும் பொய் சொல்லாது!"

கண்ணாடி முன்னால் நின்று, யூனிபார்ம் பேண்ட்டின் இடுப்பில் கட்டைவிரலை நுழைத்துக் காட்டினார் பஸ் டிரைவர். பார்வையாளர் ஒருவர்தான்: ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா.

"எடை எவ்வளவுடா குறைஞ்சிருக்கு?"

"மெஷின்ல ஏறவே மாட்டேன்க்கா. மனசை உடைச்சிடும்."

அடுத்த பரிசோதனைக்குள் எடை இறங்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு ஷெட்டில் உட்கார வேண்டியதுதான் என்று டெப்போ டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். டிரைவருக்கு பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

இதற்கு முன்னால் அவர் ஆரம்பித்த டயட்டுகள் எல்லாம் அற்பாயுசில் போய்ச் சேர்ந்தவை. வெள்ளரிக்காயைப் பார்த்தாலே கோர்ட் சம்மன் வந்தவர் மாதிரி முகம் தொங்கிவிடும். வாரக் கடைசியில் பேண்ட்டைப் போட்டுப் பார்ப்பார். பொத்தான் எட்டாது. "வயித்தைக் கட்டி என்ன பிரயோஜனம்?" என்று நேராக பேக்கரிக்குப் போய்விடுவார்.

இந்தத் தடவை முதல் வாரமே பேண்ட் லூஸாகிவிட்டது. இரண்டாவது வாரம் டெப்போவில் மற்றவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டார். இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது.

"இந்தா, கேக். சர்க்கரை உடம்புக்கு விஷம்தான். ஆனா நான் பண்ணினதுடா, ஒண்ணும் செய்யாது" என்று டப்பாவை நீட்டினாள் அக்கா.

"வேண்டாம்க்கா. நீயும் குறைச்சுக்கோ. மனசு வச்சா முடியாதது இல்லை. என்னையே பாரேன்!"

டிரைவர் டூட்டிக்குக் கிளம்பினார். மனம் நொந்த அக்கா அவர் பங்கு கேக்கையும் சேர்த்துத் தின்றுவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

அங்கே தம்பி மனைவி தையல் மெஷினில் குனிந்திருந்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவள்தான் டெய்லர். அவள் கையில் இருந்தது டிரைவரின் இன்னொரு பேண்ட்.

அக்காவும் தையல் பழகியவள்தான். பேண்ட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். பின்பக்கத் தையலை ஒட்டி, பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"அடிப்பாவி! இடுப்பைப் பிரிச்சுப் பெரிசாக்கி விட்டிருக்கியா?"

தம்பி மனைவி, அவர் போய்விட்டாரா என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"எல்லா பேண்ட்டையுமா?"

"ஆமா, அண்ணி. உள்ளே மடிச்சு விட்டிருந்த துணியை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா..."

"அந்த அப்பாவி இளைச்சுட்டோம்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறான். டாக்டர் முன்னாடி போய் நின்னா மானம் போகாதா? வேலை போகாதா? கட்டின புருஷனையே ஏமாத்தறியே!"

"ஒவ்வொரு தடவையும் பேண்ட் டைட்டா இருக்குன்னுதான் அண்ணி விட்டுட்டாரு. கொஞ்சம் லூஸா இருந்தா தெம்பா இருப்பாரேன்னுதான்..."

"பேசாதே! இரு, இப்பவே போன் போட்டு அவன்கிட்டச் சொல்றேன்."

"வேண்டாம் அண்ணி, கால்ல வேணா விழறேன். தெரிஞ்சா இன்னிக்கே பேக்கரி வாசல்ல போய் நிப்பாரு."

"நின்னா நிக்கட்டும். திருட்டுத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? நான் வீட்ல இருக்கும்போதே உக்காந்து பிரிச்சுக்கிட்டிருக்கே!"

தம்பி மனைவி பேண்ட்டை மெதுவாகத் திரும்ப வாங்கி, மெஷினில் பொருத்தினாள்.

"பிரிக்கிறதுக்குத் துணி போன மாசமே தீர்ந்துபோச்சு, அண்ணி. இப்ப பிடிச்சுத் தைக்கிறேன்... இடுப்புல நிக்க மாட்டேங்குதாம்."