தினம் பத்து நிமிஷம்

"அந்த ஆளை இன்னுமா நம்புறீங்க மேடம்?" உதவியாளர் பொண்ணு கேட்டா.

டாக்டரம்மா எலிக் கூண்டுங்களையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

விண்வெளியில எடையில்லாம மிதந்தா உடம்பு என்ன ஆகும்னு அங்கே ஆராய்ச்சி. வாலைக் கொக்கியில மாட்டி, பின்னங்கால் தரையில படாம நாலு வாரம் தொங்கவிட்ட எலிங்க. இறக்கி ஓடவிட்டா ரெண்டே நிமிஷத்துல நாக்குத் தள்ளும். ஒரு கூண்டுல மட்டும், 'தினம் பத்து நிமிஷம் தரையில் விடவும்'னு டாக்டரம்மா கையெழுத்துல அட்டை. அதுங்க கொஞ்சம் தாக்குப்பிடிச்சு ஓடும்.

எலி வாலை மாட்டி, கூண்டைப் பார்த்துக்கிறவரை எல்லாரும் வாலண்ணன்னுதான் கூப்பிடுவாங்க. தினம் மத்தியானம் டாக்டரம்மாவோட அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோறதும் அவர்தான்.

"பின்னாடி குவார்ட்டர்ஸ்ல உங்கப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கக் கால் மணி போதும். இவரு முக்கால் மணி கழிச்சு வேர்த்து விறுவிறுத்து வர்றாரு. வீட்டுச் சாவி வேற அவர் கையில!"

டாக்டரம்மாவுக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. அப்பா செருப்புல ஈர மண்ணு ஒட்டியிருந்ததை நேத்து அவங்களே பார்த்தாங்க. இடுப்பெலும்பு முறிஞ்ச அப்பா, கட்டிலை விட்டு இறங்கி ஆறு மாசமாச்சு. "மறுபடி விழுந்துட்டா? அசையவே கூடாது"ன்னு இவங்க போட்ட உத்தரவு.

அப்போ அந்தச் செருப்பை மாட்டிக்கிட்டுத் திரியுறது யாரு? செருப்புல கை வச்சவன் அலமாரியில வைக்க எவ்வளவு நேரமாகும்?

வேலைநீக்கக் கடிதம் தயாராச்சு. மத்தியானம் அதைக் கைப்பையில வச்சுக்கிட்டு, வாலண்ணன் பின்னாடியே போனாங்க.

வாசக்கதவு திறந்திருந்துச்சு. கட்டில் காலி. தோட்டத்துப் பக்கம் பேச்சுச் சத்தம்.

"என் தோளைப் பிடிச்சுக்கங்க ஐயா. இன்னும் நாலே அடி."

"நேத்தும் நாலுன்னுதான்யா சொன்னே. பத்து ஆச்சு!"

"எனக்குக் கணக்கு வராதுங்க."

"மெதுவாப் பேசு. எம்பொண்ணுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் தொலைஞ்சோம்."

ஈர மண்ணுல, தன்னோட செருப்பைப் போட்டுக்கிட்டு, அப்பா நடந்துக்கிட்டிருந்தாரு.

"யாரைக் கேட்டு இறக்குனீங்க?" டாக்டரம்மா தோட்டத்துக்குள்ள வந்துட்டாங்க.

வாலண்ணன் பிடியை விடாமலே திரும்பினாரு.

"யாரையும் கேக்கலைம்மா. கூண்டுல அட்டை எழுதி மாட்டினது நீங்கதானே... ஐயா கட்டில்ல மாட்ட மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன்."