எட்டாத கடுகு

எண்ணெய் காய்ந்துவிட்டது.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

கடுகு மேலே இருந்தது. சாதாரண மேலே அல்ல. இன்னும் ஒரு முழம் போனால் மாடிவீட்டுக்காரரின் தரை. அதற்கப்புறம் நட்சத்திரங்கள்தான்.

கடுகுக்குப் பக்கத்தில் உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், பெருங்காயம். எல்லாம் ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடிகளில், கோபுரக் கலசங்கள் போல நின்றன. ஆணியும் தெரியாமல், தாங்கியும் தெரியாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது பலகை. பின்னால் பளபளப்பில்லாத வெள்ளைச் சுவர். கை பட்டால் கறை. உரக்கப் பேசினாலே கறை.

எல்லாம் மகன் பரிதியின் ஏற்பாடு. தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாவுக்குப் பரிசு. சமையலறையை வடிவமைக்க வந்த பெண், பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும் என்றாள். ஆறடி மகன் தலையாட்டினான்.

நாலடி பத்தங்குலத்தை யாரும் கேட்கவில்லை.

கைக்கடியில் கிடந்த அஞ்சறைப் பெட்டி, அழகைக் கெடுக்கிறது என்று பரணுக்குப் போனது. பதிலுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. மெத்தை வைத்த ஸ்டூல்.

அதைப் பால்கனியில் போட்டு, அதன்மேல் வடகம் காயவைத்திருந்தாள்.

தன் அடுப்படியில் தானே ஏறி இறங்கிக் கையேந்துவதா?

"பரிதீ! கடுகு!"

கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தவன், ஹெட்போன் கழுத்தில் தொங்க ஓடிவந்தான். எடுத்தான். கொடுத்தான். திரும்ப வைத்தான். போனான்.

கடுகு வெடித்தது.

"பரிதீ! உளுத்தம்பருப்பு!"

"எல்லாத்தையும் ஒண்ணாக் கேட்டாத்தான் என்னம்மா?"

"இது என்ன கல்யாணப் பந்தியா, எல்லாரையும் ஒண்ணா உக்காரவைக்க? கடுகு வெடிச்சாத்தான் அடுத்தவருக்கு எலை."

அன்று சாம்பாருக்குத் தாளித்தாள். ரசத்துக்குத் தாளித்தாள். பொரியல், துவையல், மோர் எதுவும் தப்பவில்லை. முந்தாநாள் ஊறுகாய்க்கு இன்னொரு முறை தாளித்தாள். காப்பிக்குத் தாளிக்காததுதான் பாக்கி.

ஜெர்மனியில் இருந்த அவன் மேலாளருக்கு, மத்தியானத்துக்குள் 'பெருங்காயம்' என்று சுத்தமாகச் சொல்ல வந்துவிட்டது.

வெள்ளைச் சுவரில் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள். பரிதி துணியை நனைத்துத் துடைத்தான். பொட்டுகள் பூசணிப்பூக்களாக விரிந்தன.

அவள் பூரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டிரில்லிங் மெஷினோடு வந்தான். பலகையைக் கழற்றினான். பென்சிலை அவள் தலை உயரத்தில் சுவரில் வைத்தான்.

"இங்க போதுமா?"

"இறக்கு."

தோள் உயரம்.

"இறக்கு."

நெஞ்சுக்கும் கீழே வந்துவிட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"நீ குள்ளம்தான்மா. அதுக்காக இவ்வளவா?"

அவள் கூடத்துக்குப் போனாள். சாப்பாட்டு மேசையிலிருந்து கை வைத்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்தாள். அடுப்புப் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

உட்கார்ந்தாள்.

ஒரு கை முழங்கால்மேல் இருந்தது. இன்னொரு கையைத் தோளைத் தூக்காமல் பக்கவாட்டில் நீட்டினாள். விரல் சுவரைத் தொட்டது.

"இங்க."

சிரிப்பு அவன் முகத்தில் பாதியில் நின்றது.

"அம்மா... நீ நல்லாத்தானே இருக்க?"

"இப்ப நல்லாத்தான் இருக்கேன். பலகை இன்னைக்கு மட்டுமா இருக்கப்போவுது?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் போய் அதை மூடவில்லை.

ஆறடி மனிதன் தரையில் மண்டியிட்டான்.

அவள் விரலை எடுக்கவில்லை. அதைச் சுற்றித்தான் அவன் கோடு போட வேண்டியிருந்தது.