கொசுறு

ஆளில்லாத கடையில் தக்காளிக்குத் தானே பில் போட்ட பொன்மணி, காய்க்காரரிடம் எடுக்கும் பழக்கத்தில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து, முகம் பார்த்துத் திறக்கும் ஊர்க் கடைக் கதவு எதுவும் அவள் குடும்பத்துக்குத் திறக்கவில்லை.

பத்தாம் நாளும் கதவு அதையே சொன்னது: “‘திருடினேன்’ என்று சொல்லுங்கள். தடை நீங்கும்.”

“சொல்லித் தொலையேன். வீட்டுல பொட்டு அரிசி இல்ல,” என்றார் கணவர் தணிகாசலம்.

“காய் வாங்கினா கறிவேப்பிலை கொசுறுங்க. அதைத் திருட்டுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்.”

வீட்டுத் தொட்டியிலிருந்து ஒடித்து வந்த கொத்தை எடுத்து, கதவின் கேமராவை மறைத்துச் செருகினாள். “இந்தா, உனக்கும் கொசுறு.”

யார் முகமும் தெரியாததால் கதவு எவருக்கும் திறக்கவில்லை. பின்னால் வரிசை சேர்ந்தது. கொத்தை எடுக்க ஒரு கையும் நீளவில்லை.