பெருங்காய டப்பாவில் ஒரு ரோட்டர்

விஜயலக்ஷ்மி திருட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அதுவும் யாரிடம்? கட்டின புருஷனிடம்!

பாலிகஞ்ச் வீட்டுக் காரேஜில் வைத்தீஸ்வரனின் பழைய அம்பாஸடர் நிற்கிறது. பாங்க் உத்தியோகத்தில் இருந்தபோது ஆசை ஆசையாய் வாங்கியது. அதில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே ரோட்டர் என்று ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதை உருவிவிட்டால் தலைகீழாக நின்றாலும் வண்டி கிளம்பாது.

இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். துர்கா பூஜைக்குப் பந்தல் பந்தலாகச் சுற்றும்போது காரை எங்கேயோ விட்டுவிட்டு நடக்கணும். திருட்டுப் பயத்துக்கு ரோட்டரைக் கழற்றி, "பத்திரம்டீ விஜி" என்று அவள் கைப்பையில் போடுவார்.

அதைத்தான் இப்போது அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் அவருக்குத் தெரியாமல் உருவி, பெருங்காய டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறாள்.

வேறு என்ன பண்ணுவாள் பாவம்? போன வருஷம் கரியாஹாட் முனையில் சிவப்பு விளக்கு எரிந்ததே அவர் கண்ணில் படவில்லை. ரிக்‌ஷாக்காரன் எகிறிக் குதித்துத் தப்பினான். கண் டாக்டர், "இனிமேல் ஓட்டாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"ஏன்னா, ஒரு டிரைவர் வச்சுண்டா என்ன?" என்று அவளும் ஒருதரம் கேட்டுப் பார்த்தாள்.

"என்னைக் குருடன்ங்கறியா?"

அன்றைக்குப் பூரா சாப்பிடாமல் காரிலேயே போய் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம்தான் இந்தத் திருட்டு.

வண்டி கிளம்பாவிட்டால் அவர் கார்புரேட்டரைக் கழற்றித் துடைப்பார். பிளக்கைச் சுரண்டுவார். பெட்ரோல் குழாயை ஊதுவார். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். மறுநாள், அவர் எங்கேயும் கிளம்பாத நேரமாகப் பார்த்து, அவள் நைசாக ரோட்டரை வைத்துவிடுவாள். எஞ்சின் உறுமும்.

"பாத்தியா? கார்புரேட்டர்தான்!"

ஆமாம், பெரிய மேதை! அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை ராம்கி, மாட்டுப்பெண், பேத்தி ஹம்சினி மூன்று பேரும் சென்னையிலிருந்து வருகிறார்கள். சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இறங்குகிறார்கள்.

"தாத்தாவே அம்பாஸடரை எடுத்துண்டு வரேன்டா கண்ணா!" என்று நேற்றைக்கே போனில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

வழியில் ஹூக்ளி ஆற்றின் மேல் அவ்வளவு பெரிய பாலம். லாரியும் பஸ்ஸும் பறக்கும். திரும்பி வரும்போது காரில் குழந்தை வேறு. விஜயலக்ஷ்மிக்கு உட்கார்ந்தால் நிற்கணும், நின்றால் நடக்கணும் போலிருந்தது.

ரோட்டரோ இன்னும் காரில்தான் இருக்கிறது; விடிந்ததிலிருந்து மனுஷன் காரேஜை விட்டு நகரவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர், பாட்டரிக்குத் துடைப்பு, டயருக்குக் காற்று.

"காபி ஆறிப் போறது, மேல வாங்கோளேன்!"

"இங்கேயே கொண்டா."

"போன் அடிக்கறது!"

"நீயே எடு."

ஒரு வழியாகக் குளிக்க வந்தார். அப்பாடா என்று மாடத்தில் சாவியைத் தேடினாள். காணோம். மேஜை மேலும் இல்லை. சட்டைப் பையிலும் இல்லை.

"காரேஜ் சாவி எங்கேன்னா?"

"பூணூல்ல முடிஞ்சுண்டிருக்கேன். உனக்கெதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள். காளிகாட் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். நீதான் பாத்துக்கணும் தாயே.

குளித்த ஈரத்தோடேயே மறுபடி காரேஜுக்கு ஓடினார். பானெட்டைத் திறந்து எதையோ பார்த்துவிட்டு வந்து, கை அலம்பி, சட்டையை மாட்டிக்கொண்டார். வழக்கம்போல் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டுக் கிளம்பினார். அவள் அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். முன் சீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். என்ன ஆனாலும் தன்னையும் சேர்த்து ஆகட்டும் என்றுதான்.

சாவியைத் திருகினார். கொர்ர்ர். மறுபடியும் கொர்ர்ர். அவ்வளவுதான்.

"சனியன்! கார்புரேட்டர் மறுபடியும் மக்கர் பண்றது. இறங்கு, டாக்ஸி பிடிக்கலாம்."

விஜயலக்ஷ்மிக்குப் போன உயிர் வந்தது. நிஜமாகவே காளிதான் காப்பாற்றினாள் என்று நினைத்தாள்.

டாக்ஸி பாலத்தில் ஏறியது. ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

"கசக்காதேங்கோ. துணி தரேன்."

பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தாள். துணிக்குள் என்னவோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. பிரித்தாள்.

ரோட்டர்.

லேசாகப் பெருங்காய வாசனை வேறு.

அவர் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"பெருங்காயம் மணக்கிற ரோட்டர் ஊர்லேயே நம்மாத்துக் கார்லதானேடீ இருக்கு? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒவ்வொரு தரமும் கார்புரேட்டரைத் துடைச்சேள்?"

"ஓட்ட முடியலேன்னு என் வாயால சொல்ல வரலை விஜி. நீ எடுத்து வச்சா சௌகரியமா இருந்தது."

அப்புறம் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"இன்னிக்கு புத்தி கெட்டுப் போய்ச் சாவியைப் பூணூல்ல முடிஞ்சுண்டுட்டேன். தலையில தண்ணி விட்டப்புறம்தான் உறைச்சுது, ஐயோ, நீ எப்படி எடுப்பேன்னு!"