முனிக்கு நேர்ந்த பஞ்சுக்கோழி

விடியலில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்னாலேயே, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் கோழிக்கூட்டுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. "கொக்கரக்கோ."

கம்பளிக்குள் கிடந்த மீனம்மா காதைப் பொத்திக்கொண்டாள். இது மூணாவது நாள்.

கொஞ்ச நேரத்தில் புருசன் சிவசாமி பீலித் தண்ணியில் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தான். "கேட்டியா? சேவல்தான்னு நான் அப்பவே சொன்னேன்ல."

"பாதிப்பேரு பொட்டைன்னுதானேங்க சொன்னாங்க."

"கூவுனதுக்கப்புறம் என்னா பேச்சு?"

யாரைச் சொல்லி என்ன செய்ய, வினையை இழுத்து வைத்தவள் அவளேதான். தோட்டத்துத் தொரையோடு சீமைக்குப் போன தொரசானி கொடுத்துவிட்டுப் போன குஞ்சு அது. உடம்பெல்லாம் இறகுக்குப் பதில் பஞ்சு, காலுக்கு அஞ்சு விரல், தோல் கருப்பு. வால் எது, கொண்டை எது என்று புரியாத அந்தச் சென்மம் சேவலா பொட்டையா என்று அடித்துச் சொல்ல ஏழு மாசமாய் லயத்தில் ஒருத்தருக்கும் துப்பில்லை.

சிவசாமி காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, பதறிப்போய் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டாள். "இவரு எந்திரிச்சு நடக்கட்டும். இது சேவலா இருந்தா ஒனக்கே தந்துர்றேன், சாமி."

முனி பொட்டைக்கோழி வாங்காது. சிவசாமி எழுந்து நடந்த நாளிலிருந்து, இது பொட்டையாக இருக்கவேண்டுமே என்பதுதான் அவளுக்கு ஒரே வேண்டுதல். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அது மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அவள் ரொட்டியில் பாதி அதுக்குத்தான்.

"நான் பாக்கையில ஒருக்காகூட கூவமாட்டேங்குதே" என்று முனகினாள்.

"ஒன்னையக் கண்டா வெக்கமா இருக்கும். ஞாயித்துக்கெழம நேத்திக்கடன முடிச்சிருவோம். காய்ச்சல்ல கெடந்து எனக்கும் நாக்குச் செத்துப்போச்சு."

சாமி காரியத்தில் என்ன வாதாட முடியும்? ஞாயிற்றுக்கிழமை மஞ்சத்தண்ணி தெளித்து, பொட்டு வைத்து, தன் கையாலேயே புருசனிடம் தூக்கிக் கொடுத்தாள். அது அவள் சேலை மடிப்புக்குள் தலையைச் செருகிக்கொண்டது. பிய்த்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

முனி கறி ஆம்பளைகள் சமாசாரம். முனி இருக்கும் மரத்தடியிலேயே அறுத்து, ஆக்கி, தின்றுவிட்டுத்தான் வருவார்கள்; பொம்பளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. மீனம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தாள்.

பொழுது சாயச் சிவசாமி வந்து சேர்ந்தான். பின்னாலேயே, சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பழனியாண்டியும் வந்தான். கோழியை அறுத்தவன் அவன்தான். சாராயம் நன்றாக ஏறியிருந்தது.

"கறி கருப்பா இருந்தாலும் ருசின்னா ருசி, அக்கா. வயித்துக்குள்ள முட்டை வேற. ஓடு கட்டுனது ஒண்ணு, கட்டாத கரு ஒரு கொத்து."

மீனம்மா வாங்கின சட்டியைக் கீழே வைத்தாள். புருசன் பக்கம் திரும்பினாள்.

"முட்டையா? அப்ப மூணு நாளா கூவுனது?"

"போதையில ஒளர்றான். போடா, போய்ப் படு" என்று சிவசாமி அவனை வெளியே தள்ளப் பார்த்தான். பழனியாண்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மரத்தடியில கூவிக் காட்டுனீங்களே, அண்ணே, அக்காவுக்கும் ஒருக்கா கூவிக் காட்டுங்க."