இரண்டாவது விதி

காட்டில் களைச்செடி பிடுங்க வந்த தொண்டர்கள் பதினொரு பேரும் பதினொரு டிரெய்லர் வீடுகளில் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். குடும்பத்தில் யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை என்பது முகாமின் முதல் விதி. அதனால் கால் முறிந்து வேலைக்கு ஆகாமல் படுத்துவிட்ட மரகதத்தை, டிரெய்லரோடு ஜீப்பில் கட்டி இழுத்துப்போய், எல்லைக் கல்லைத் தாண்டி நிறுத்தினார்கள்.

“இது யானைத் தடம்ணே,” என்றாள்.

“உனக்கு அமைதி வேணும்மா. யானையும் நம்ம குடும்பந்தானே?” என்றார் வனத்தந்தை குணாளன். பட்டம் அவரே எடுத்துக்கொண்டது.

மாலையில் ஒவ்வொருவராக நலம் விசாரிக்க வந்தார்கள். ஆளுக்கொரு தட்டு பழுத்த பலாச்சுளை.

“வாசத்துக்கு யானை வரும்னு நாமதானே பலாப்பழத்துக்குத் தடை போட்டோம்?”

“அது இரண்டாவது விதி. முகாமுக்குள்ளதான்க்கா. இங்க என்ன பயம்? சாப்பிடுங்க.”

தூரக் கொண்டுபோய் எறிய முறிந்த கால் விடவில்லை. இருட்டுவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று சுளை சுளையாக விழுங்கினாள். ஒன்பது தட்டு காலியானது. விரல்கள் மணத்தன. பத்தாவதாகக் குணாளன் ஒரு முழுப் பழத்தைத் தோளில் சுமந்து வந்து, படியில் வைத்துப் பிளந்தார்.

“மெதுவா சாப்பிடும்மா, அவசரமே இல்ல.”

அருகில் எங்கோ மூங்கில் முறிந்தது. வனத்தந்தை நடையை எட்டிப் போட்டார்.